வணக்க நாளா, நன்றி நாளா?

மனசு வாடும்போது அதைத் தேற்ற, இந்த இரண்டில் எந்தத் தினத்தைச் சாக்காக வைப்பது என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிலர் கேட்கிறார்கள்.

செலவு: நவம்பர் 21, உலக வணக்க நாள். 1973இல் தொடங்கியது, பத்துப் பேருக்கு வணக்கம் சொன்னால் போதும், காசில்லை. செப்டம்பர் 21, உலக நன்றி நாளுக்கு, நன்றிக் கடிதம் எழுத ஒரு தாளும் பேனாவும்.

சுலபம்: பத்துப் பேர் காலைச் சந்தையிலேயே கிடைப்பார்கள். கீரைக்கார அக்கா மட்டும், "என்ன தம்பி, தேர்தலா?" என்பார். நன்றி எழுதக் கூச்சமாக இருக்கும், அதிலும் அப்பாவுக்கு!

நீடிப்பு: வணக்கம் மறுநாளே மறந்துவிடும். தோட்டத்து லயத்து வீட்டில் நம்மை வளர்த்த அத்தைக்கு எழுதிய தாள், சாமிப் படத்துக்குப் பின்னால் வருஷக்கணக்கில் பத்திரமாக இருக்கும்.

தனிமை வாட்டினால் வணக்கம். பழைய மனத்தாங்கல் உறுத்தினால் நன்றி. சோர்வு வாரக்கணக்கில் நீண்டால் இரண்டும் போதாது. அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.