8 வாட் வால்வு ஆம்புக்கு ஒலிபெருக்கி தேடியது: நான்கு ஜோடிகள், எட்டு ஆண்டுகள்

2017-ஆம் ஆண்டின் இறுதியில் 300பி என்ற வகை வால்வால், அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாயால், இயங்கும் ஆம்பிளிஃபையர் ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு 300பி வால்வு, ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பி ஒலிச்சிதைவைக் குறைக்கும் முறை) கிடையாது, அதிகபட்சம் 8 வாட். அன்று வாங்கிய ஆம்பை இன்றுவரை மாற்றவில்லை. அதனுடன் இணைத்த ஒலிபெருக்கிகள்தாம் மாறிக்கொண்டே வந்தன. மூன்று ஜோடிகள் வந்து போயின. நான்காவது ஜோடி ஐந்து ஆண்டுகளாகக் கூடத்தில் நிலைத்திருக்கிறது. குறைந்த வாட் வால்வு ஆம்பை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒலிபெருக்கியை முடிவு செய்துவிட்டு, அதற்கு எத்தனை வாட் தேவை என்று பார்த்து ஆம்பை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். அதனால் கற்றுக்கொண்டவற்றை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் கோவை வீட்டின் கூடம் 12-க்கு 15 அடி. மொசைக் தரை, கான்கிரீட் கூரை, தலைக்கு மேல் மின்விசிறி. ஒலிபெருக்கிகளிலிருந்து ஏறத்தாழ 9 அடி தள்ளி அமர்ந்து கேட்கிறேன். பெரும்பாலும் கேட்பது கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள், நாதஸ்வரம், அடுத்தபடியாக 1980-களின் இளையராஜா இசைத்தட்டுகள். இதைச் சொல்வதற்குக் காரணம், எத்தனை டெசிபல் உணர்திறன் வேண்டும் என்ற கேள்விக்கு அறையையும் தூரத்தையும் கேட்கும் இசையையும் விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது என்பதுதான்.

உணர்திறன் என்பது ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்ற அளவு. இதில் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் பத்து மடங்கு வேண்டும். முதலில் என்னிடம் இருந்தவை 86 டெசிபல் உணர்திறன் கொண்ட சிறிய புத்தக அலமாரி வகை ஒலிபெருக்கிகள். "இந்த ரூமுக்கு 8 வாட் தாராளம் சார்" என்று கடையில் சொன்னதை நம்பினேன். வீணையும் குரலும் மெல்லிய சத்தத்தில் மிக இனிமையாகவே இருந்தன. ஆனால் தவில் தனி தொடங்கியதும் ஒலி சுருங்கிவிடும். சத்தம் கூட்டினால் அடி விழும் இடத்தில் கூர்மை இல்லாமல் மழுங்கி, கூடவே ஒரு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும்.

என்ன நடக்கிறது என்று அறிய, கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் கொண்டுவந்த ஆசிலோஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஒலிபெருக்கியின் முனைகளில் இணைத்துப் பார்த்தோம். 8 ஓம் சுமைக்கு 8 வாட் என்றால் அலையின் உச்சி 11 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை போகலாம். தவிலின் வலந்தலையில் ஒவ்வொரு அழுத்தமான அடி விழும்போதும் திரையில் அலையின் தலை அந்த இடத்தில் சீவியதுபோல் தட்டையாகியது. அடுத்த கணமே, சுருதி மட்டும் ஒலிக்கும்போது, ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. சராசரி ஒலிக்கும் உச்சி அடிக்கும் இடையே 15 முதல் 20 டெசிபல் இடைவெளி இருப்பது தாளவாத்தியங்களுக்கு இயல்பு. மைக் இல்லாத கச்சேரிகளை மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் வலியுறுத்தியது அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. கணக்காகச் சொன்னால் 8 வாட் என்பது ஒரு வாட்டைவிட 9 டெசிபல் மட்டுமே அதிகம். 86-உடன் 9 சேர்த்தால் ஒரு மீட்டரில் 95 டெசிபல்தான் உச்சவரம்பு. நான் உட்காரும் இடத்துக்கு வருவதற்குள் அதிலும் சில டெசிபல்கள் கழிந்துவிடும். மின்விசிறி ஓடும் அறையில் சராசரி ஒலியையே சற்று உயர்த்தி வைக்க வேண்டியிருப்பதால், உச்சிக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

இரண்டாவது ஜோடியில் செய்த தவறுதான் பலரும் செய்யக்கூடியது என்பதால் அதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய விலைக்குக் கிடைத்த அந்தத் தரைநிலை ஒலிபெருக்கிகளின் விவரத்தாளில் 92 டெசிபல் என்று இருந்தது. 86-இலிருந்து 92 என்றால் நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம் என்று மகிழ்ந்து வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபின் அதில் பாதி முன்னேற்றம்கூடக் காதுக்குத் தெரியவில்லை. விவரத்தாளை மீண்டும் படித்தபோது, 92 டெசிபல் என்பது ஒரு வாட்டுக்கு அல்ல, 2.83 வோல்ட்டுக்கு என்று இருந்தது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு வாட். இதுவோ 4 ஓம் ஒலிபெருக்கி, அதே 2.83 வோல்ட் இதில் இரண்டு வாட் ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு வாட்டுக்கான உண்மையான அளவு 89 மட்டுமே. டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. எட்டே வாட் வைத்திருப்பவருக்கு அந்த 3 டெசிபல் கையிருப்பில் பாதி.

அத்தோடு இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு எதிரான தடை, ஓமில் அளப்பது) என்ற இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபீட்பேக் இல்லாத ஒற்றை வால்வு ஆம்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் என்னுடையதில் இருப்பதுபோல் இரண்டு, இரண்டரை ஓம் வரை இருக்கும். ஒலிபெருக்கியின் இம்பிடன்ஸ் எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கி மற்றோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும். இப்படிப்பட்ட ஒலிபெருக்கியை இரண்டரை ஓம் ஆம்புடன் இணைத்தால், ஏறிய இடமும் இறங்கிய இடமும் தமக்குள் 3 டெசிபல் வேறுபட்டு ஒலிக்கும். அதாவது ஒலிபெருக்கியை வடிவமைத்தவர் நினைத்த ஒலிச் சமநிலையை ஆம்ப் மாற்றிவிடுகிறது. அந்த ஜோடியில் கீழ்மத்திய ஒலிகள் இறங்கிவிட்டதால் ஆண் குரல்கள் மெலிந்து, வயலினின் மேல்தந்தி மட்டும் முன்னால் வந்து நின்றது. ஆம்பின் 4 ஓம் முனைக்கு மாற்றியபோது ஓரளவு சரியானதே தவிர முழுமையாகத் தீரவில்லை. ஆகவே உணர்திறன் எண்ணைப் பார்த்த கையோடு, இம்பிடன்ஸ் வரைபடத்தையும், குறிப்பாக அது எந்த ஓம் வரை இறங்குகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். 88 டெசிபல் என்று நேர்மையாகப் போட்டு, 6 ஓமுக்குக் கீழே இறங்காத ஒலிபெருக்கி, 92 என்று போட்டு 3 ஓமுக்கு இறங்குவதைவிடக் குறைந்த வாட் ஆம்புக்கு நல்ல துணை.

மூன்றாவதாக, ஜப்பானிலிருந்து வரவழைத்த எல்லா ஒலிகளையும் ஒரே கூம்பில் தரும் 8 அங்குல முழு அலைவரிசை யூனிட்டுகளுக்கு, பின்புற ஹாரன் வகைக் கேபினெட்டை 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எங்கள் தெரு ஆசாரியிடம் செய்வித்தேன். 96 டெசிபல். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரே கிடையாது; ஆம்பிலிருந்து வரும் கம்பி நேராக யூனிட்டுக்குப் போகிறது. குரலும் புல்லாங்குழலும் இவ்வளவு அருகில் வந்து பாடியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு பாடகர் மூச்சை இழுத்து நிறுத்தும் இடம்வரை தெளிவாக விழும். ஆனால் மேல்மத்திய அதிர்வெண்களில் ஒரு தூக்கல் இருந்தது. ஒரு மணி நேரம் நாதஸ்வரம் கேட்டால் காது களைத்துப்போகும். நடுவில் உட்காருபவருக்கு மட்டுமே ஒலி சரியாக இருக்கும். பக்கத்தில் உட்காரும் மனைவிக்கு மேல்சுருதிகள் மங்கிவிடும். தனியாக அமர்ந்து மெல்லிய சத்தத்தில் குரலிசை மட்டும் கேட்பவருக்கு இன்றும் இந்த வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்கள் வீட்டில் இருவர் மூவராக அமர்ந்து கேட்கும் வழக்கம் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடைகொடுத்தேன்.

ஹாரன் ஏன் இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் இவ்வளவு ஒலி தருகிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நாதஸ்வரத்தின் ஊதுநாணலான சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் அறையைத் தாண்டாத ஒரு கீச்சொலிதான் வரும். அதையே உலவு எனும் குழலில் பொருத்தி, அடியில் விரிந்த வாயான அணசு வழியாக வெளியே விட்டால் நான்கு மாடவீதியும் கேட்கும். ஊதுபவரின் மூச்சு அதேதான்; படிப்படியாக விரியும் குழல் அந்தச் சிறிய அதிர்வை வெளிக்காற்றோடு பொருத்திவிடுகிறது. மார்கழி விடியலில் கோயில் கோபுரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி சில பத்து வாட்டுகளில் ஊர் முழுவதற்கும் திருப்பாவையைக் கொண்டுசேர்ப்பதும் இதே வழியில்தான். 1930-களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 300பி போன்ற வால்வுகளை உருவாக்கிய காலத்தில், திரையரங்குகளில் ஆம்பின் சில வாட்டுகளைப் பெரிய கூட்டத்துக்குக் கேட்கச் செய்ததும் பெரிய ஹாரன்களே. அந்த வால்வும் ஹாரனும் ஒரே காலத்தில் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தவை என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

2020-இல், அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து கிளிப்ஷ் ஹெரசி மூன்றாம் பதிப்பு ஜோடியை வாங்கினேன். தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபர், மத்திய ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனி ஹாரன்கள், துளையில்லாத மூடிய பெட்டி, நிறுவனம் தரும் அளவு 99 டெசிபல். பால் கிளிப்ஷ் 1957-இல் முதன்முதலாக இதை வடிவமைத்தது, அறையின் இரு மூலைகளில் நிற்கும் தம் பெரிய கிளிப்ஷ்ஹார்ன்களுக்கு நடுவில் வைக்கும் மைய ஒலிபெருக்கியாகத்தான். 86 டெசிபல் ஜோடியோடு ஒப்பிட்டால் எண்ணளவில் 13 டெசிபல் கூடுதல். என் 8 வாட் இதில் சுமார் 160 வாட்டின் வேலையைச் செய்கிறது. எந்த நிறுவனமானாலும் விவரத்தாளில் போடும் எண் அறைக்குள் அளந்ததா, வெட்டவெளி நிலையில் அளந்ததா என்பதைப் பொறுத்துச் சில டெசிபல் மாறும் என்பதால், எதை வாங்கினாலும் மூன்று நான்கு டெசிபலைக் கழித்துக்கொண்டே நான் கணக்குப் போடுவேன். அப்படிக் கழித்தாலும் என் அறைக்கு இது தேவைக்கு மேல்.

அதே ஆசிலோஸ்கோப்பை மீண்டும் வரவழைத்தேன். முன்பு 11 வோல்ட்டில் தலை தட்டையான அதே தவில் தனியை, காதுக்கு அதே சத்தத்தில் வைத்தபோது, உச்சி அடிகள் 4 வோல்ட்டைத் தாண்டவில்லை. மல்டிமீட்டரில் சராசரி ஏறத்தாழ 0.35 வோல்ட், வாட்டாக மாற்றினால் நூறில் ஒன்றரைப் பங்கு. ஒற்றை வால்வு ஆம்ப் மிகக் குறைந்த வாட்டில்தான் மிகச் சுத்தமாகப் பாடும். சக்தி கூடக் கூட ஒலிச்சிதைவும் கூடும். உணர்திறன் மிகுந்த ஒலிபெருக்கியின் முதன்மையான பயன் பெரிய சத்தம் என்று முன்பு நினைத்திருந்தேன். ஆம்பை அதன் மிகச் சிறந்த பகுதியிலேயே எப்போதும் நிறுத்திவைப்பதுதான் அதைவிடப் பெரிய பயன் என்று இப்போது நினைக்கிறேன். மிருதங்கத்தின் வலந்தலைச் சொல்லும் தொப்பியின் கும்காரமும் ஒன்றையொன்று மறைக்காமல் விழுவது இதனால்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் இரவு, மின்விசிறியை நிறுத்திய பிறகு, இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய "உம்" ஒலி வந்தது. 86 டெசிபலில் காதில் விழாத ஆம்பின் ரீங்காரம், 13 டெசிபல் கூடியதும் வெளியே வந்துவிட்டது. ஆம்பின் பின்புறம் ஒவ்வொரு 300பி-க்கும் ரீங்காரத்தைச் சமன்செய்யும் சிறு திருகு உண்டு. பாட்டை நிறுத்தி, மல்டிமீட்டரை மில்லிவோல்ட் ஏசி அளவில் வைத்து ஒலிபெருக்கி முனைகளில் இணைத்து, காப்பிட்ட திருப்புளியால் அதை மிக மெதுவாகத் திருப்பினேன். 5 மில்லிவோல்ட்டிலிருந்து இறங்கி, ஓரிடத்தில் ஒன்றரையில் நின்று, மறுபடி ஏறத் தொடங்கியது. அந்தக் குறைந்த இடத்தில் விட்டுவிட்டேன். இப்போது ஒலிபெருக்கிக்கு ஓர் அடி அருகில் காதை வைத்தால்தான் கேட்கிறது. வால்வு மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்கிறேன். 98, 99 டெசிபல் ஒலிபெருக்கி வாங்குபவர்கள், தங்கள் ஆம்பின் 300பி வால்வுக்குள் சூடேறும் இழைக்கு ஏசி கொடுக்கப்படுகிறதா டிசி கொடுக்கப்படுகிறதா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. டிசி என்றால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தாழ்ந்த ஒலியில் இது சுமார் 58 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். அளவான பெட்டி, உயர்ந்த உணர்திறன், ஆழ்ந்த பேஸ் ஆகிய மூன்றையும் ஒரே ஒலிபெருக்கியில் பெற முடியாது. இது இயற்பியல் விதித்த எல்லை. ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ் என்பதால் கச்சேரி இசைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை போகும்போது, அதன் அடித்தளம் மெலிவதை உணர முடிகிறது. ஒலிபெருக்கிகளைப் பின்சுவருக்கு அரை அடி அருகில் நகர்த்தியபோது கணிசமாகச் சரியாகிவிட்டது; தனி சப்வூஃபர் சேர்க்கத் தோன்றவில்லை. ஹாரன்களின் ஒலி மொசைக் தரையிலும் வெற்றுச் சுவரிலும் பட்டுத் தெறிக்கும் கூர்மைக்கு, முன்தரையில் இரண்டு பவானி ஜமக்காளங்களை மடித்து விரித்தேன். அதனால் கிடைத்த பயன் குறைவே. இருக்கைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த இலவம்பஞ்சு மெத்தைதான் பெரிய மாற்றத்தைத் தந்தது. முதலில் தற்காலிகமாக வைத்தது, துணியுறை தைத்து அங்கேயே நிரந்தரமாகிவிட்டது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் 2ஏ3 வால்வு ஆம்பைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு மூன்றரை வாட்தான். அவருடைய வீட்டில் 88 டெசிபல் ஒலிபெருக்கிகளோடு மூச்சுத்திணறிய அந்த ஆம்பை ஹெரசியோடு இணைத்து, நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை மல்லாரியிலிருந்து தவில் தனி முடியும்வரை முழுதாகக் கேட்டோம். ஓரிடத்திலும் ஒலி சுருங்கவில்லை. ஆம்பை விற்றுவிடலாம் என்று வந்தவர், அதை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிகளை மாற்ற முடிவு செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய 12 அங்குல ஹாரன் ஜோடியைப் பார்க்க என்னையும் அழைத்திருக்கிறார். மல்டிமீட்டரை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.