கயாக் தொடக்க செட்: எதற்குப் பணம் போடலாம்?

பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். ஏலகிரி புங்கனூர் ஏரி போன்ற தேங்கிய நீரில் அனுமதி வாங்கி, கயாக் (இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டிப் பழகுபவர்களுக்குக் கடல் கயாக் சாமான்கள் வீண் செலவு.

முதல் பணம் லைஃப் ஜாக்கெட்டுக்கு. லேபிளில் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்றிருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு மட்டும். தெரியாதவர் 100-க்குக் குறைந்து வாங்கக் கூடாது. எண்ணே அச்சிடாத ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தொடாதீர்கள். கடையிலேயே பக்கிள்களைப் போட்டு, வார்களை இறுக்கி, உட்கார்ந்தபடி தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் தளர்வு. தண்ணீரில் முகத்தை மூடும். வளரும் பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது பள்ளிச் சட்டையோடு நிற்கட்டும். முதுகின் கீழ்ப்பாதியில் ஃபோம் இருந்தால் சீட்டில் இடித்து ஜாக்கெட் மேலே ஏறும். வேலூர் வெயிலில் காயப்போட்டால் துணி சீக்கிரம் இற்றுப்போகும், நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்து துடுப்பு. அகலமான தொடக்கநிலை கயாக்குக்கு 230 செ.மீ. பொருந்தும். மிகக் குட்டையானால் கை படகு விளிம்பில் உரசும். அலுமினியத் தண்டு மலிவுதான், ஆனால் மதியம் கை சுடும், ஃபைபர்கிளாஸ் நல்லது. இரண்டு துண்டுத் துடுப்பின் இணைப்பில் மணல் புகுந்தால் கழற்றவே வராது. நல்ல தண்ணீரில் அலசி, பிரித்தே வையுங்கள். கனூ என்ற மேல்பக்கம் திறந்த படகுக்கு ஒற்றை அலகுத் துடுப்பு வேண்டும். கயாக் துடுப்பு தோதுப்படாது.

ஜாக்கெட்டில் ஒரு விசில், போனுக்கு ஒரு டிரை பேக் (தண்ணீர் புகாத பை). கையுறையெல்லாம் பிறகு பார்க்கலாம்.