அஞ்சல்வழி எம்.ஏ.வா, மலாயாவில் ஆய்வா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குடும்பத்தையும் பள்ளி வேலையையும் வைத்துக்கொண்டு சங்க இலக்கியத்தில் முதுகலை படிக்க நினைத்தபோது, என் கைக்கு எட்டியவை இரண்டு வழிகள். ஒன்று, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அஞ்சல்வழி எம்.ஏ. மற்றொன்று, கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் ஆய்வேடு எழுதிப் பெறும் முதுகலை. முதலாவதில் ஓராண்டு படித்துவிட்டு இரண்டாவதுக்கு மாறியவள் நான். என் சாய்வு மலாயாப் பக்கம்தான்.

செலவும் நேரமும் அஞ்சல்வழிக்கே சாதகம். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கலாம். பாடத்திட்டமும் அகலமானது; தொல்காப்பியம், எட்டுத்தொகை, காப்பியம் என்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஆய்வில் ஒரே தலைப்புக்குள் இறங்க வேண்டும், மற்றதை நாமே தேடிப் படிக்க வேண்டும். அந்த ஓராண்டு அடித்தளம் இல்லாமல் நேராக ஆய்வுக்குப் போயிருந்தால் திணறியிருப்பேன்.

ஆனால் எனக்கு முடிவு சொன்ன விஷயம் ஒன்றுதான்: பாடம் கேட்க ஆள் உண்டா?

குறுந்தொகை 49ஆம் பாட்டு, அம்மூவனார் பாடிய நெய்தல். 'அணிற்பல் அன்ன கொங்குமுதிர் முண்டகத்து மணிக்கேழ் அன்ன மாநீர்ச் சேர்ப்ப' என்று தொடங்கும். அஞ்சல்வழித் தேர்வில் 'மாநீர்' என்பதற்குப் பெரிய நீர்ப்பரப்பு என்று எழுதினேன். தேறிவிட்டேன். எழுதியது சரியா தப்பா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பாடநூல்களே தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தன.

பிறகு பள்ளி விடுமுறையில் ஒருநாள் மலாயாவில் ஒரு விரிவுரையாளரைப் பார்க்கப் போனேன். அதே பாட்டை வாசிக்கச் சொன்னார். 'மாநீர்' வந்ததும் முந்தின சொல்லில் விரலை வைத்தார்.

"மணிக்கேழ்னா என்னம்மா?"

"நீலமணியின் நிறம், ஐயா."

"நிறத்தைச் சொல்லிட்டு வர்றாரு. அடுத்த சொல்லுல அளவையா சொல்வாரு?"

மா என்றால் இங்கே கருமை. கரிய நீர். ஒரு சொல் மாறியதும் கழிமுகமே கண்ணுக்குத் தெரிந்தது. முண்டகம் கழிமுள்ளிச் செடி, அதன் முள்ளுக்குத்தான் அணிற்பல் உவமை என்றும் சொன்னார். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அணிலைத் தெரியும், முண்டகத்தைத் தெரியாது. இரண்டு அடிக்கு அரை மணி நேரம் ஆனது. வீட்டில் தனியாக ஓராண்டு படித்ததில் இப்படி ஓர் அரை மணி நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இத்தனைக்கும் அது 1956இல் தொடங்கிய துறை; தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் தலைமையேற்று நடத்திய இடம். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியதற்கு முன்னின்றவரும் அவர்தான். அப்படி ஓர் இடம் ரயில் தூரத்தில் இருக்கும்போது நான் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயணம் களைப்புத்தான், மறுக்கவில்லை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் வரை ரயில், அங்கிருந்து எல்.ஆர்.டி. நகர ரயிலில் நான்காவது நிலையம், திரும்பி வர இருட்டிவிடும். பட்டம் பதவி உயர்வுக்கு மட்டும் என்றால் இந்த அலைச்சல் தேவையில்லை, அஞ்சல்வழியே போதும். பணம் கட்டும் முன் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமையிடமும் பொதுச் சேவைத் துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது இணையத்தில் நேரலை வகுப்பு நடத்தும் அஞ்சல்வழிகளும் உண்டு. நான் படித்தபோது அது இல்லை, அதனால் அவற்றையும் சேர்த்து ஒதுக்க எனக்கு மனமில்லை.

எதில் சேர்வதானாலும், பதிவதற்கு முன் உங்களுக்குப் புரியாத ஒரு பாட்டோடு போய் அங்கே பாடம் சொல்பவரை ஒருமுறை பாருங்கள். இணைய வகுப்பு என்றால் தொலைபேசியிலாவது கேளுங்கள். நான் 49ஐக் கொண்டுபோனேன்.