பயாத்தாஸ் கால்மிதி: நாலு மாதம் மிதித்த பிறகு

போன டிசம்பரில் இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபைக் கூடத்தில் கிறிஸ்துமஸ் விற்பனை நடந்தது. கேக், முறுக்கு, வீட்டில் போட்ட ஊறுகாய் என்று மேசைகள் நிறைந்திருந்தன. கதவோரமாக ஒரு மேசையில் கால்மிதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிலிப்பீன்ஸ் நாட்டின் மணிலா பெருநகரில், கெசோன் சிட்டியில், பயாத்தாஸ் குப்பைமேட்டை ஒட்டி வாழும் பெண்கள் நெய்தவை. ஒன்று 14 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டு வாங்கினேன். ஒன்று அடுப்படியில் சிங்க் முன்னால் கிடக்கிறது, மற்றது குளியலறை வாசலில். நாலு மாதம் ஆகிவிட்டது, இப்போது தைரியமாகச் சொல்லலாம்: நல்ல கால்மிதி. வாங்கலாம்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிப் பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, "வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு உதவி" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பொருள் எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கை நோக நெய்தவருக்கு அது மரியாதைக் குறைவு என்று எனக்குப் படுகிறது.

நீளம் என் கையால் மூன்று சாண், அகலம் இரண்டு சாண். பாவு கெட்டியான பருத்தி நூல். ஊடை முழுக்கத் துணிதான். பனியன் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, லேசாக முறுக்கி, வரிசை வரிசையாக நெருக்கி அடித்திருக்கிறார்கள். என்னுடையதில் சிவப்பு வரிசைக்குள் ஒரு டி-சர்ட்டின் மடிப்புத் தையல் அப்படியே வந்திருக்கிறது. இன்னொரு வரிசையில் ஏதோ அச்செழுத்தின் ஒரு வளைவு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. பாத்திரம் கழுவும்போது தினமும் பார்க்கிறேன், என்ன எழுத்து என்று இன்னும் பிடிபடவில்லை. நிறம் மாறும் இடங்களில் துணியை நறுக்கி விட்டுவிடாமல், முனையை உள்ளே செருகி மடக்கியிருக்கிறார்கள். ஓர் இழைகூட இதுவரை பிரியவில்லை. அடர் நீலம், சாம்பல், சிவப்பில் ஒரே ஒரு கோடு, மறுபடியும் சாம்பல். கைக்கு வந்த துணியைப் போட்டு நிரப்பினால் இப்படி அமையாது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்.

தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது. பேரங்காடியில் வாங்கும் ரப்பர் அடி வைத்த மிதியடியைவிடப் பல மடங்கு மேல்.

குறைகளும் உண்டு. முதல் சலவையில் சாயம் போகும். நான் கவனிக்காமல் துவாலைகளோடு மெஷினில் போட்டு, ஒரு வெள்ளைத் துவாலை இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. முதல் இரண்டு தடவையாவது வாளித் தண்ணீரில் தனியாக ஊற வையுங்கள். காய்வதற்கும் நேரம் ஆகும். டிசம்பர் மழையில் மூங்கில் கழியில் போட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். முக்கியமாக, டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. என் அப்பாவுக்கு 81 வயது, ஊன்றுகோலோடு நடக்கிறார். இரண்டாம் நாளே அடியில் விரிக்கிற ரப்பர் வலை வாங்கி அளவுக்கு வெட்டிப் போட்டேன். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் அதை வாங்காமல் இந்தக் கால்மிதியைத் தரையில் போடாதீர்கள். இதையெல்லாம் விற்பவர்களே ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவர் லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டுக்கு லாரி ஓட்டியவர். 1999-இல் அந்த இடத்தை மூடும்வரை அங்கேதான் வேலை. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். குளித்த பிறகும் மணம் போகவில்லை என்று எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். கால்மிதியைக் காட்டியபோது குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "கெட்டியா இருக்கு பாப்பா" என்றார். எங்கிருந்து வந்தது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க கொட்டிட்டு வந்துடுவோம். அங்கேயே எப்படிம்மா சோறு பொங்கித் தின்பாங்க?" என்று கேட்டார்.

நம் ஊரில் லோரோங் ஹாலுஸை மூடிய அதே ஆண்டில் செமாக்காவ் தீவு குப்பை நிரப்பும் இடமாகத் திறக்கப்பட்டது. எரிக்கக்கூடியதை எல்லாம் எரித்து, சாம்பலையும் எரிக்க முடியாததையும்தான் கடல் வழியாக அங்கே கொண்டுபோகிறார்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து பையைப் போட்டால் கீழே 'தொம்' என்று ஒரு சத்தம், அதோடு நமக்கும் அதற்கும் உறவு முடிந்தது. பயாத்தாஸில் குப்பை மலையாகவே நின்றது. ஸ்மோக்கி மவுண்டன் என்று பெயர் வாங்கிய பழைய மணிலா குப்பைமேட்டை 1990-களில் மூடியபோது, அங்கே பொறுக்கிப் பிழைத்தவர்களில் பலர் பயாத்தாஸுக்கு வந்து சேர்ந்தார்கள். மலையடியில் இருந்த குடியிருப்பின் பெயர் லுபாங் பங்காக்கோ. அவர்கள் மொழியில் அதற்கு வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட தேசம் என்று பொருள். 2000 ஜூலை 10 அன்று, பல நாள் அடைமழைக்குப் பிறகு, அந்த மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வேதாகமத்தில் அந்த வார்த்தையைச் சிறு வயதிலிருந்து படித்தவள் நான். இந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அந்த வசனம் வரும்போதெல்லாம் மனம் அங்கே போய் நிற்கிறது.

2017-இல் பயாத்தாஸை நிரந்தரமாக மூடினார்கள். பொறுக்கி விற்ற பிழைப்பு போயிற்று, குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. நெசவு அதற்கு முன்பிருந்தே உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாத தாய்மார் வீட்டிலிருந்தே கழிவுத் துணியில் கால்மிதி செய்தார்கள். துணி தருபவரும் இடைத்தரகர், வாங்கிப் போகிறவரும் இடைத்தரகர், நெய்தவர் கையில் மிஞ்சியது சொற்பக் காசு. இந்தத் தரகை உடைக்கத்தான் 2007-இல் ரேக்ஸ் டு ரிச்சஸ் என்ற நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1990-களில், கத்தோலிக்க வின்சென்ட் சபைக் குருமார் அந்த மக்களிடையே சேமிப்புக் குழுக்களை வளர்த்தார்கள். ஆளுக்குச் சில பெசோவாகச் சேர்த்த அந்தப் பணத்திலிருந்து ஒரு வீடற்றோர் கூட்டமைப்பே உருவானது. சோற்றுப் பொட்டலம் கொடுப்பதைக் குறைவாகப் பேச மாட்டேன், பசிக்குச் சோறுதான் வேண்டும். ஆனாலும் அந்த மக்களின் காசை அவர்கள் கையிலேயே வைத்து எண்ண விட்ட ஊழியம் எனக்கு மிகவும் பிடித்தது.

அதனால்தான் விற்பனை மேசையில் இருந்த அக்காவிடம், "இதில் நெய்தவங்களுக்கு எவ்வளவு போகுதுக்கா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வருடத்துக்கு ஒருமுறை குழுவாகப் போய், அங்கேயே கையில் பணம் கொடுத்து வாங்கி, தங்கள் பெட்டியிலேயே கொண்டுவருகிறார்களாம். ஒன்றுக்கு நம் காசு 6 வெள்ளி நெய்தவருக்கு. "மீதி அவங்க பிள்ளைங்களுக்குத்தான் சிஸ்டர். சீருடை, ஜீப்னி வண்டிக் காசு, நோட்டுப் புத்தகம். நாங்க ஒரு காசு எடுக்கிறதில்லை" என்றார். கையோடு பணம் கொடுப்பதும் கணக்கைத் திறந்து காட்டியதும் பெரிய விஷயம், அதற்கு முழு மதிப்பெண். ஆனால் மீதி 8 வெள்ளியையும் அந்த அம்மாவிடமே கொடுத்துவிடலாமே? தன் பிள்ளைக்குச் சீருடை வேண்டுமா, கூரைக்குத் தகரம் வேண்டுமா என்று அவருக்குத் தெரியாதா? விலையை 18 வெள்ளி ஆக்கினாலும் நான் வாங்குவேன்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அதில் தொங்கிய அட்டை. முதுகில் சாக்கு, வெறுங்கால், குப்பைமேல் நிற்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளை, முகம் தெளிவாகத் தெரிகிறது. நம் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் படத்தைப் போடப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறோம். இந்தப் பிள்ளையின் அம்மாவை யார் கேட்டார்கள்? நெய்தவர் பெயர் அட்டையில் எங்கேயும் இல்லை. பெயரைப் போடுங்கள், அவர் விரும்பினால் தறியோடு உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். "அந்தப் படம் இருந்தாத்தான் விக்குது சிஸ்டர்" என்றார். என்னிடம் விற்றது அந்த மடக்கிச் செருகிய முனைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். குழுக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை பதில் இல்லை, அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்கப் போகிறேன்.

ஈஸ்டர் ஆராதனைக்குப் பிறகு மேலும் இரண்டு வாங்கினேன். ஒன்றை அட்டையை வெட்டிவிட்டு அண்ணிக்குக் கொடுத்தேன். மற்றது அப்பாவின் கட்டிலருகே, அடியில் வலையோடு. காலையில் எழுந்ததும் அதன் மேல் இரண்டு பாதத்தையும் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார், அப்புறம்தான் ஊன்றுகோலை எடுக்கிறார்.