மூன்று ஆண்டுகளாக எங்கள் வாசலில் பறக்கும் கொடியும் அதைச் சுற்றிக்கொள்ளும் கழியும்

அடுத்த மாதம் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நீதிமன்றத்தில் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கவிருக்கும் தோழி ஒருத்தி, வீட்டு வாசலில் கட்டுவதற்கு எந்த அமெரிக்கக் கொடி வாங்கலாம் என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக் கொடியின் ஓரத்தை இரண்டாம் முறையாக வெட்டி மடித்துத் தைத்து முடித்திருந்தேன். அவளிடம் இரண்டு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக இந்தத் துணியோடும் அதைத் தாங்கும் கழியோடும் பழகியதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது என்பதால் எழுதியே விடுகிறேன்.

கொடி வழக்கமான அளவுதான்: 3 அடிக்கு 5 அடி, வெளியில் பறக்கவிடும் நைலான். நாங்கள் இருப்பது ஒஹாயோவின் வடமேற்கில், ஃபிண்ட்லே ஊரை ஒட்டி. 1974ஆம் ஆண்டிலிருந்து "கொடி நகரம்" என்று பெயர் பெற்ற ஊர் அது. தெருவுக்குப் பத்து வீட்டிலாவது கொடி இருக்கும். சுற்றிலும் சோள வயலும் சோயா வயலும்தான். காற்றைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. இந்தக் காற்றைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

குடியுரிமை வாங்குவதற்கு முந்தைய கோடையில், அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4க்காக அவசரமாக 9 டாலருக்கு ஒரு பாலியஸ்டர் கொடி வாங்கியிருந்தேன். ஒற்றைத் துணியில் எல்லாமே அச்சு. ஆறு வாரத்தில் சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பானது, ஓரம் நூல் நூலாகப் பிரிந்தது. கடல் தாண்டி வந்த சரக்கு என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்ததை அதைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். மறு ஆண்டு ஏப்ரலில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கையில் கொடுத்த சிறு காகிதக் கொடியைப் பார்த்துக்கொண்டே, இனி வாசலில் ஏறுவது இந்த நாட்டில் நூற்று, நெய்து, தைத்ததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மே மாதம் 34 டாலருக்கு இப்போதிருக்கும் கொடியை வாங்கினேன்.

திருமணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகள் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ஒரு துணி கைக்கு வந்தால் முதலில் திருப்பி உள்பக்கத் தையலைத்தான் பார்ப்பேன். இந்தக் கொடியில் பட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, இரண்டு வரிசைத் தையலில் பக்கத்துப் பட்டையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெட்டிய விளிம்பு தெரியாது. நட்சத்திரங்கள் ஐம்பதும் நெருக்கமான எம்பிராய்டரி. கழியில் மாட்டும் பக்கம் வெள்ளைக் கேன்வாஸ் பட்டை, அதில் இரண்டு பித்தளை ஐலெட். காற்றில் அடிபடும் பக்கத்தில் நான்கு வரிசைத் தையல், இரண்டு மூலையிலும் கூடுதலாகத் திரும்பத் தைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். 34 டாலர் எங்கே போயிருக்கிறது என்பதை விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது இதைப் பழுது பார்க்க முடிகிறது என்பது. கொடி எப்போதும் ஒரே இடத்தில்தான் சாகத் தொடங்கும். கழியிலிருந்து தொலைவில் இருக்கும் அந்த ஓரம் சாட்டை நுனிபோலக் காற்றில் அடித்துக்கொண்டே இருப்பதால், முதலில் மூலைத் தையல் விடும், பிறகு பிசிறு வரும், பிசிறைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் பட்டை பட்டையாகக் கிழியும். அச்சடித்த மெல்லிய துணியில் அதோடு கதை முடிந்தது. இதிலோ, பிசிறு இரண்டு அங்குலத்தைத் தாண்டுமுன் நேராக வெட்டி, இரண்டு முறை உள்ளே மடித்து, வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலில் நான்கு வரிசை ஓட்டி, மூலைகளை மட்டும் குறுக்கும் நெடுக்குமாக அடைத்துவிட்டால் இன்னும் ஓராண்டுக்கு மேல் ஓடுகிறது. பட்டைகள் உறுதியாக இணைந்திருப்பதால் வெட்டிய இடத்தில் துணி கோணிக்கொள்வதில்லை. நைலான் வழுக்கும் என்பதால் குண்டூசிக்குப் பதிலாகத் துணிக் கிளிப் போடுவது நல்லது. ஊசித் துளை நைலானில் மறையாது. முதல் பழுது 2023 இலையுதிர் காலத்தில்; இரண்டாவது, போன வாரம். இப்போது 60 அங்குல நீளம் 56 ஆகிவிட்டது. நீலக் கட்டம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. மூன்றாம் முறை வெட்ட மாட்டேன்.

இத்தனை நாள் உழைத்ததற்கு இன்னொரு காரணம், மாலையில் இறக்கி வைப்பது. 1942இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாக்கிய கொடி நெறிமுறை, சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரை பறக்கவிடுவதை வழக்கமாகச் சொல்கிறது. இரவில் பறக்க வேண்டுமானால் போதிய விளக்கு வேண்டும். மீறினால் தண்டனை எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் பலர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். வியட்நாம் போருக்குப் போய் வந்தவரும், பிறகு டயர் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவருமான பக்கத்து வீட்டுப் பெரியவர், முதல் வாரத்திலேயே என் கொடியைத் துண்டு மடிப்பதுபோல மடித்து எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, "நான் ஒருமுறை காட்டலாமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். நீளவாக்கில் இரண்டு மடிப்பு, நீலம் வெளியில் இருக்க வேண்டும். அவர் நட்சத்திரப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் பட்டைப் பக்கத்து மூலையிலிருந்து முக்கோணமாக மடித்துக்கொண்டே அவரை நோக்கிப் போனேன். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் உள்ளங்கையால் துணியை அழுத்தி இழுத்துக் கொடுத்தார். பதின்மூன்றாம் மடிப்பில் மிஞ்சிய துணியை உள்ளே செருகியதும் நீல முக்கோணம் மட்டும் கையில் நின்றது. நண்பர்களின் சவப்பெட்டி மேலிருந்து இப்படி எடுத்து மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுத்திருப்பதாக அவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் அதைச் சுருட்டி வைத்ததில்லை.

இனி, குறை. எங்கள் வீட்டில் தரையில் நட்ட உயரக் கம்பம் கிடையாது. முன்திண்ணைத் தூணில் ஒரு தாங்கியை அறைந்து, அதில் 6 அடிக் கழியைச் சாய்வாகச் செருகியிருக்கிறோம். இந்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். இந்த ஏற்பாட்டில் கொடி கழியைச் சுற்றிக்கொள்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. மூன்று ஆண்டுகளாக, அதுவும் முதல் கழியில் வாரத்தில் நான்கைந்து நாள். வயல் பக்கமிருந்து வரும் காற்று சுவரில் மோதிச் சுழன்று திரும்பும்போது, துணியின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் கழிக்கு மேல் போட்டுவிடுகிறது. ஒரு சுற்று விழுந்துவிட்டால் அடுத்த காற்று இரண்டாவது சுற்றை இறுக்கும். காலையில் மரியாதையோடு ஏற்றிவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் திரும்பினால் நனைந்த துணியைப் பிழிந்து கொம்பில் சுற்றியதுபோலத் தொங்குகிறது. சுற்றிய நிலையில் துணி கழியோடும் தூணோடும் உரசுவதால்தான் என் கொடியில் ஓரத்தைத் தவிர நடுவிலும் ஓர் இடம் தேய்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

சுற்றாத கழி என்று சொல்லி விற்பதைத்தான் முதலில் வாங்கினேன். கொடியோடு ஒரே கடையில், ஒரே அடுக்கில் இருந்தது. பெட்டி முழுக்கக் கழுகும் நட்சத்திரங்களும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும். வீட்டுக்கு வந்து பெட்டியை மடித்துக் குப்பையில் போடும்போதுதான் அடிப்பக்கத்தில், வெளிநாட்டில் செய்தது என்ற வரி கண்ணில் பட்டது. இறக்குமதிச் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. அந்த விதியை அவர்கள் மீறவில்லை. வாங்குகிறவரின் நாட்டுப்பற்றைப் பெட்டியின் முகப்பிலும் உண்மையை அதன் அடியிலும் அச்சிட்டதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கழியில் இரண்டு சுழலும் வளையங்கள் இருந்தன. கொடி அவற்றில் மாட்டிக்கொண்டு காற்றோடு சேர்ந்து சுற்ற வேண்டும். இரண்டாம் குளிர்காலத்தில் பனியும் தூசியும் புகுந்து மேல் வளையம் இறுகிப்போனது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் சுற்றியது, பிறகு பிளாஸ்டிக்கே வெடித்துவிட்டது.

2024 வசந்தத்தில், தேடிப் பிடித்து, இங்கேயே செய்த அலுமினியக் கழியை ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். "அமெரிக்காவில் செய்தது" என்று எந்த விளக்கமும் சேர்க்காமல் போட வேண்டுமானால் பொருள் முழுவதும் அல்லது கிட்டத்தட்ட முழுவதும் இங்கே ஆனதாக இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அளவுகோல். 2021இல் அதை அபராதத்தோடு கூடிய விதியாகவே ஆக்கினார்கள். அந்த வாசகம் இந்தக் கழியில் ஒட்டியிருந்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது: கழியின் மேற்பாதி முழுவதுமாகச் சுழல்கிறது, ஒரு குளிர்காலம் கழிந்தும் விரல் பட்டால் சுற்றுகிறது. ஆனால் கொடி இதிலும் சுற்றிக்கொள்கிறது. முன்பைவிடக் குறைவு, வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஆனாலும் சுற்றிக்கொள்கிறது. கழி சாய்வாகவும் சுவருக்குப் பக்கத்திலும் இருக்கும்வரை சுழலும் காற்று துணியை மேலே வீசிக்கொண்டுதான் இருக்கும், எந்த நாட்டு வளையமும் அதைத் தடுக்காது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்தப் பழைய பெட்டிக்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி நியாயமற்றது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

திருப்பூரில் இருக்கும் என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, நாங்க இங்க உங்க நாட்டுக்குத்தான் ராத்திரி பகலாத் தெச்சு அனுப்பறோம். நீ அங்க தெச்சதுதான் வேணுங்கற" என்று வருத்தப்பட்டான். அவன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் பனியனும் டி-சர்ட்டும் இன்றும் இந்திய லேபிளோடுதான் வருகின்றன, அதில் எனக்குப் பெருமையே. ஆனால் கொடி என்று வரும்போது நான் அவனுக்கு நம் ஊர் வழக்கத்தையே நினைவூட்டினேன்: 2021 டிசம்பரில் திருத்தம் வரும்வரை, இந்தியாவின் தேசியக் கொடியைக் கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் செய்ய வேண்டும் என்று நெறிமுறை சொன்னது. அதைச் சரியென்று வளர்ந்த எனக்கு, இந்த நாட்டுக் கொடியை இந்த நாட்டுக் கை தைக்க வேண்டும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கொடிகளுக்கு வந்த தேவையை இங்குள்ள தையற்கூடங்களால் ஈடுகட்ட முடியாமல், துக்கத்தில் கட்டிய கொடிகளில் பல இறக்குமதியாயின என்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் தாங்க முடியாமல் சொல்வார். கூட்டாட்சி அரசு அலுவலகங்கள் வாங்கும் கொடி முழுக்க உள்நாட்டில் ஆனதாக இருக்க வேண்டும் என்ற சட்டமே 2024 ஜூலையில்தான் கையெழுத்தானது. அதை முன்வைத்தவர்களில் ஒருவர் ஒஹாயோவின் அப்போதைய செனட்டர் ஷெரட் பிரவுன். அதுவரை பாதி உள்நாட்டுச் சரக்கு இருந்தால் போதுமாம். கேள்விப்பட்ட அன்று எனக்கு மனசு ஆறவில்லை.

சுவர்க் கழியில் இன்னொரு சங்கடமும் உண்டு. போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு நாளன்று நண்பகல்வரை அரைக்கம்பத்தில் வைக்க அதில் வழியில்லை. கழியின் உச்சியில் கறுப்பு நாடா கட்டுகிறோம். போன ஆண்டு அந்த நாடாவோடும் கொடி சுற்றிக்கொண்டது.

தோழிக்கு என்ன சொன்னேன் என்றால், வாங்காதே என்று சொன்னேன். துணியில் ஒரு குறையும் காண முடியாது என்று இவ்வளவு எழுதிய பிறகு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனால் இன்றைய மனநிலையில் எனக்கு இதுதான் வருகிறது. அவள் வீடும் வயலைப் பார்த்தே இருக்கிறது, அவள் தூணிலும் காற்று சுழலும். முற்றத்தில் நேராக ஒரு கம்பம் நட முடிந்தால் அதற்குப் பிறகு 34 டாலர் கொடு, இல்லாவிட்டால் தினமும் மாலையில் வீட்டுக்கு வரும்போது உன் கொடி கசங்கிக் கிடப்பதைப் பார்க்க உன்னால் முடியுமா என்று முதலில் யோசி என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க கழட்டிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூன் 14, கொடி நாளன்று, பழையதைப் படைவீரர் சங்கத்தின் வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் சேர்க்கப் போகிறேன். நைந்துபோன கொடிகளை அவர்கள் சேர்த்து வைத்து முறைப்படி எரிப்பார்கள். நைலான் புகை நல்லதல்ல என்பதால் வீட்டில் எரிக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். கடைசி மடிப்புக்கு வருவதாகவும் சொன்னார். அதே தையற்கூடத்தின் புதிய கொடி உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. உறையைப் பிரிக்காமலே மூலைத் தையலை மட்டும் மேலிருந்து தடவிப் பார்த்தேன், நான்கு வரிசை இருக்கிறது.