டாடா ஸ்டீலா, பிலாய் ஆலையா: எந்த வரலாற்றை எடுக்கலாம்?

எஃகு நிறுவன வரலாறு ஒன்றை ஆய்வுக் கட்டுரைக்கு எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனமான டாடா ஸ்டீல், சத்தீஸ்கரில் உள்ள பொதுத்துறை எஃகு ஆலையான பிலாய் என்ற இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

தொடக்கம்
டாடா: 1907-இல் நிறுவனம் பதிவானது, 1912-இல் முதல் எஃகு. கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாடா 1904-லேயே காலமாகிவிட்டார்.
பிலாய்: 1955-இல் சோவியத் ஒப்பந்தம், 1959-இல் முதல் ஊதுலை (தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் உலை).

பணம்
டாடா: இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. லண்டனில் முதலீடு கிடைக்கவில்லை. சுதேசி அலை வீசிய நேரம். பம்பாயில் பங்குகளை விற்பனைக்கு விட்டதும் மக்கள் வந்து குவிந்தார்கள். மூன்றே வாரத்தில் மூலதனம் சேர்ந்துவிட்டது.
பிலாய்: அரசுப் பணமும் சோவியத் கடனும். பங்குதாரர் கூட்டம், பேரம் எதுவும் இல்லை. ஐந்தாண்டுத் திட்டக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.

ஊர்
டாடா: சாக்சி என்ற கிராமம் 1919-இல் ஜாம்ஷெட்பூர் ஆனது.
பிலாய்: ஆலையோடு வளர்ந்த நகரம். தாது தல்லி ராஜ்ஹரா சுரங்கங்களிலிருந்து வருகிறது.

தொழிலாளர்
டாடா: எட்டு மணி நேர வேலையை 1912-லேயே கொண்டுவந்தது. அதை மட்டும் எழுதிவிட்டு 1920-களின் வேலைநிறுத்தங்களை விட்டுவிட்டால் அது விளம்பரம், வரலாறு இல்லை.
பிலாய்: சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய சங்கர் குஹா நியோகி 1991-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இது ஒன்றே தனி ஆய்வுக்குப் போதும்.

சரி, எதை எடுப்பது? தனியார் முதலீடு, சுதேசி அரசியல் உங்கள் ஆர்வம் என்றால் டாடா. பனிப்போர்க் கால உதவி, பொதுத்துறை, சுரங்கத் தொழிற்சங்கம் என்றால் பிலாய். என் ஓட்டு பிலாய்க்கு. டாடாவைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள்.