பண்ணை வண்டியின் காற்றுப் பாதை: வடிகட்டியை மாற்றுவதா, வாயை உயர்த்துவதா, தூசியை முன்னதாகவே பிரிப்பதா?

பண்ணை வண்டியின் (யுடிவி எனப்படும், சரக்குப் பெட்டியுள்ள சிறிய நான்கு சக்கர வண்டி) காற்றுப் பாதையில் கை வைக்க நினைக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, எதற்காக என்பதைத்தான். குதிரைத்திறன் கூடும் என்ற ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடலாம். தீவன மூட்டையும் வேலிக் கம்பியும் தெளிப்பான் தொட்டியும் சுமந்து மெதுவாகப் போகும் வண்டிக்குக் காற்று போதாமல் போவது அபூர்வம். காற்றோடு சேர்ந்து வரும் மண்தான் கவலை.

ஒரு சின்னக் கணக்கு. 800 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், நிமிடத்துக்கு 4,000 சுற்றில் திராட்டில் முழுவதும் திறந்து ஓடினால், கோட்பாட்டளவில் நிமிடத்துக்கு 1,600 லிட்டர் காற்றை உறிஞ்சும். ஒரு மணி நேரத்துக்கு 90 கன மீட்டருக்கும் மேல். மண்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சில மைக்ரான் பருமனுள்ள துகள்கள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்து இரு பக்கத்தையும் அரைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடியே அதிகம் கெடுதல் செய்கிறது. ஆகவே கீழே வரும் எந்த மாற்றத்தையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: எஞ்சினுக்குள் போகும் மண் குறைகிறதா?

முதலில் எளிதானதை முடித்துவிடுவோம். காகித வடிகட்டியை எடுத்துவிட்டு, எண்ணெய் பூசிய பருத்தி வலை வடிகட்டியைப் போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கழுவி மறுபடி போடலாம், காற்று தாராளமாகப் போகும் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் காற்று தாராளமாகப் போகும் இழையிடையே நுண்தூசியும் தாராளமாகப் போகும். ஒரு வடிகட்டி 99.5 சதவீதம் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 98 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் அருகருகே தெரிகின்றன. உள்ளே நழுவும் தூசியைப் பார்த்தால் நூற்றில் ஒன்றில் 0.5 பங்கு, மற்றதில் 2 பங்கு. நான்கு மடங்கு வித்தியாசம். வடிகட்டிகளை ஒப்பிடும்போது பிடிபடும் சதவீதத்தைப் பார்க்காமல் தப்பிப்போகும் சதவீதத்தைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 5011 சோதனை முறையில் கிடைத்த எண்ணைத் தயாரிப்பாளர் தருகிறாரா என்றும் பாருங்கள். ‘அதிகக் காற்றோட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அட்டைப்பெட்டியை மூடிவைத்துவிடலாம். தூசி வண்டிக்குப் பருத்தி வலை வேண்டாம் என்பதே என் முடிவு.

எண்ணெயில் நனைத்த நுரை வடிகட்டி இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அது முழுக்க முழுக்கப் பராமரிப்பவரின் கையை நம்பியிருக்கிறது. எண்ணெய் குறைந்த இடத்தில் தூசி நேராக ஊடுருவும். கூடிய இடத்தில் காற்று திணறும். காகித வடிகட்டியிலோ மேலே படியும் மெல்லிய தூசிப் படலம்கூட வடிகட்டும் வேலையில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் அதை அடிக்கடி கழற்றித் தட்டுவதும் காற்றுக் குழாயை அருகில் வைத்து ஊதுவதும் நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கின்றன. கழற்றும் ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் மண் உதிரும் வாய்ப்பும் இருக்கிறது.

அடுத்தது ஸ்நார்க்கல், அதாவது காற்று வாயை மேலே கொண்டுபோவது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். பல வண்டிகளில் காற்று வாய் இருக்கைக்குப் பின்னால், சரக்குப் பெட்டியை ஒட்டி இருக்கிறது. சக்கரம் கிளப்பும் தூசி முதலில் சுழன்று வந்து நிற்பதும் அங்கேதான், ஏனென்றால் வண்டி முன்னே நகரும்போது அதன் முதுகுப் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, தூசி பின்னாலிருந்து உள்நோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே குழாயை அதே முதுகோரமாக ஒரு முழம் உயர்த்தி நிறுத்தினால் பெரிய பயன் இல்லை. கூரை மட்டத்துக்கு மேலேயோ, முன்தூணை ஒட்டியோ வாயைக் கொண்டுபோனால்தான் தூசி மண்டலத்தைவிட்டு வெளியே வந்ததாகும்.

குழாய் வேலையில் மூன்று விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உள்விட்டம் எங்கேயும் பழைய பாதையைவிடக் குறுகக் கூடாது. வளைவுகள் மிகக் குறைவாக, அகலமாக இருக்க வேண்டும். சட்டென்று திரும்பும் ஒவ்வொரு முழங்கையும் காற்றைத் தடுக்கும். கடைசியாக, ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூண்டுச் சட்டகமும் வடிகட்டிப் பெட்டியும் ஒன்றாக அதிராது என்பதால், நடுவில் நெகிழும் ரப்பர் இணைப்பு அவசியம். பிவிசி குழாயைப் பசையால் ஒட்டி ஒரே விறைப்பான துண்டாக மாட்டினால், அதிர்வில் ஏதோ ஓர் ஒட்டு விரிசல் விடும். அது பெட்டிக்கு முன்னால் விரிந்தால் பழையபடி தூசிக் காற்று உள்ளே வரும், அவ்வளவே. வடிகட்டிக்குப் பின்னால் உள்ள குழாயில் விரிசல் விழுந்தால் மண் நேராக எஞ்சினுக்குப் போகும்.

தண்ணீரைக் கடப்பதற்காக ஸ்நார்க்கல் வைப்பவர்கள் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர் உள்ள வண்டியில் பெல்ட் பெட்டிக்கும் தனியாகக் காற்று போகும் வாயும் வெளிவரும் வாயும் உண்டு. அவை கீழேயே இருந்தால் எஞ்சின் மூச்சுவிடும், பெல்ட் நனைந்து வழுக்கும், வண்டி ஓடைக்கு நடுவில் நின்றுவிடும். சக்கர அச்சுப் பெட்டிகளின் மூச்சுக் குழாய்களையும் உயர்த்த வேண்டும். குபோட்டா ஆர்டிவி-எக்ஸ்1100சி போன்ற ஹைட்ரோஸ்டாட்டிக் (பெல்ட்டுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும்) வண்டிகளில் பெல்ட் கவலை கிடையாது. ஆனால் அதற்காக எவ்வளவு ஆழத்திலும் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே தண்ணீரை இழுத்த எஞ்சினில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது.

இனி தூசியை வடிகட்டிக்கு முன்பே பிரித்துவிடும் சாதனங்கள். சுழல்முறை முன்வடிகட்டி காற்றைச் சுழற்றுகிறது. கனமான துகள்கள் விளிம்புக்கு எறியப்பட்டு ஒரு திறப்பு வழியே வெளியே போகின்றன. மின்சாரம் வேண்டாம், துவைக்க வேண்டாம். ஆனால் அது சுழல்வதே எஞ்சின் இழுக்கும் காற்றின் வேகத்தில்தான். வாங்கும்போது பெரியதாகவே இருக்கட்டும் என்று டிராக்டர் அளவில் எடுத்தால், சிறிய எஞ்சினின் இழுப்புக்கு அது சோம்பலாகச் சுற்றும், தூசி பிரியாது. சிறியதாக எடுத்தால் காற்றுத் தடை கூடும். எஞ்சின் இழுக்கும் காற்றளவைக் கணக்கிட்டு, அந்த வரம்புக்கு ஏற்றதை எடுப்பதே வழி. மெதுவாக ஊர்ந்து போகும் நேரத்தில் அதன் திறன் குறைவு என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதரும் வைக்கோல் துணுக்கும் பறக்கும் அறுவடை நாட்களில் திறப்பு அடைபடும். கையை விட்டுத் துடைக்க எட்டும் இடத்தில் வையுங்கள்.

மின்விசிறி வைத்த பிரிப்பான் இந்தக் குறையைப் போக்குகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் விசிறி தூசியைப் பிரித்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். விலை அதிகம், 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். விளக்கு, வின்ச், தெளிப்பான் பம்ப் எல்லாம் ஏற்கெனவே பகிர்ந்துகொள்ளும் சிறிய ஆல்டர்னேட்டரில் இதையும் சேர்க்கும் முன் மொத்த ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ரிலே, ஃபியூஸ் இரண்டும் இல்லாமல் மாட்டக் கூடாது. இன்னொரு வண்டியின் பின்னால் புழுதிக்குள்ளேயே நாள்தோறும் ஓட்டுபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனியாக, புல்வெளியில் போய்வருபவருக்கு இது தேவையில்லை.

சொந்த வண்டிக்கு என்றால் நான் போகும் வரிசை வேறு. முதலில் எதையும் வாங்காமல் வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணியில் மண் நிறம் ஒட்டினால் வடிகட்டி சரியாக உட்காரவில்லை, அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எந்தச் சாதனம் வைத்தும் பயனில்லை. அடுத்து, காகித வடிகட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கூரை மட்டத்தில் வாய், அதன் தலையில் பொருத்தமான சுழல் முன்வடிகட்டி. புதுக் குழாயால் இழுப்பு எவ்வளவு கடினமாகிறது என்பதை வடிகட்டிக்குப் பின்னால் பொருத்தும் தடைமானி காட்டிக்கொடுக்கும். வேலை தொடங்கும் முன்பே அதை மாட்டி, முழு வேகத்தில் பழைய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. பின்னாளில் வடிகட்டியை எப்போது மாற்றுவது என்பதையும் அந்த மானியே சொல்லும்.

கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: தடை கூடினால் கலவையில் பெட்ரோல் மிகும், குறைந்தால் காற்று மிகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்து, தேவையானால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகான ஜெட்டை மாற்ற வேண்டும்.